மூன்று பென்ஸ் வரிக்காகவா அமெரிக்கா பிரிந்தது?

கேட்டவர் வைத்த கேள்வி இது: அமெரிக்கக் குடியேறிகளும் பிரிட்டிஷாரும் ஒரே மொழிக்காரர்கள், பெரும்பாலும் ஒரே மதத்தார், ஒரே அரசரின் குடிகள். லண்டன் கேட்ட தேயிலை வரி ராத்தலுக்கு மூன்று பென்ஸ்தான், அதையும் தேயிலை விலையைக் குறைத்துவிட்டுத்தான் கேட்டது. இதற்காகவா ஒரு பேரரசை உதறிவிட்டுப் போனார்கள்? நாடாளுமன்றத்தில் நாலு சீட்டு கொடுத்திருந்தால் தீர்ந்திருக்காதா? இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. 1765 முதல் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது ஒன்று, 1776இல் ஏன் பிரிந்தார்கள் என்பது இன்னொன்று. பள்ளிப் பாடம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் மூன்று பென்ஸ் கணக்கு உதைக்கிறது. சீட்டு விஷயத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

வரி குறைவு என்பதில் சந்தேகமே வேண்டாம். 1760களின் நடுவில் பிரிட்டனில் இருந்தவர் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26 ஷில்லிங் வரி கட்டினார், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியில் இருந்தவர் ஒரு ஷில்லிங் அளவுக்குக் கட்டினார் என்பது ஆய்வாளர்கள் பரவலாக எடுத்தாளும் மதிப்பீடு. (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) லண்டன் பக்கத்து நியாயமும் லேசானதல்ல. பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு ஏறியிருந்தது. புதிதாகக் கைக்கு வந்த கனடாவையும் மேற்கு எல்லையையும் காக்க 10,000 துருப்புகளை அமெரிக்காவில் நிறுத்தத் திட்டம். காவல் உங்களுக்கு, செலவில் ஒரு பங்கையாவது நீங்கள் கொடுங்கள் என்றார் நிதியைக் கையில் வைத்திருந்த பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். கணக்குப் பிள்ளை மனசு அவருக்கு. அமெரிக்கச் சுங்கத்தில் ஆண்டுக்கு 2,000 பவுண்டு வசூலிக்க அதைப்போல மூன்று நான்கு மடங்கு சம்பளமாகப் போகிறது என்று கண்டதும் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. குடியேறிகளுக்கோ கணக்கு தலைகீழாகத் தெரிந்தது. வடக்கே இருந்த பிரெஞ்சுக்காரன் ஒழிந்த பிறகு எதற்குப் பட்டாளம்? அதே 1763 அக்டோபரில் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அரசர் ஆணை வேறு போட்டார். அந்த நிலம் பூர்வகுடிகளுடையது. ஆனால் அதற்காகத்தான் போரிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு இந்தப் பட்டாளம் தங்களைக் காக்க வந்ததாகத் தோன்றவில்லை, மறிக்க வந்ததாகத் தோன்றியது.

வரி விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1764 சர்க்கரைச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து நியூ இங்கிலாந்தின் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குக் காலனிகள்) ரம் வடிப்பாலைகளுக்கு வரும் மொலாசஸுக்கு, அதாவது சர்க்கரைப் பாகுக்கு, 1733 முதல் கேலனுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. யாரும் கட்டியதில்லை. சுங்க அதிகாரியின் கையில் பென்னி, ஒன்றரைப் பென்னி வைத்தால் பீப்பாய் இறங்கிவிடும். கிரென்வில் அதை மூன்று பென்ஸாகப் பாதிக்குக் குறைத்தார். குறைத்த வரியை நிஜமாகவே வசூலிக்கப் போகிறேன் என்றார், அதுதான் வினை. கப்பல் பிடிபட்டால் வழக்கு வடக்கே நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் அமைத்த கடற்படை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ஜூரி கிடையாது. சரக்கு கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு சரக்குக்காரர் தலையில். உள்ளூர் ஜூரியில் உட்காருபவர் பாதிப்பேர் அதே வியாபாரத்தில் இருப்பவர்கள், அவர்கள் தண்டிக்க மாட்டார்கள் என்பது லண்டனின் வாதம். உண்மையும்கூட. ஆனால் ஜூரி முன் விசாரணை என்பதை ஆங்கிலேயனின் பிறப்புரிமையாகக் கருதிய ஊரில் இது விழுந்த விதம் வேறு. அந்த ஆண்டே நாணயச் சட்டம் ஒன்று வந்து, காலனிகள் தாங்களாக அச்சிட்ட காகிதப் பணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கும் வழியை அடைத்தது. வெள்ளி நாணயம் ஏற்கெனவே தட்டுப்பாடு. வரியோ வெள்ளியில் கேட்கப்படுகிறது. போருக்குப் பிந்திய மந்தத்தில் இதன் அழுத்தம் ஆறு, மூன்று என்ற எண்களில் தெரியாது.

1765 முத்திரைத்தாள் சட்டத்தை நம்மூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம், பத்திரம் எழுத முத்திரைத்தாள் வாங்கும் அதே ஏற்பாடுதான். லண்டனில் அச்சு பதித்த தாள் கப்பலில் வரும், ஒவ்வொரு காலனிக்கும் ஒரு விநியோகஸ்தர், அவரிடம் காசு கொடுத்து வாங்கிய தாளில் எழுதினால்தான் ஆவணம் செல்லும். நீதிமன்ற மனு, நில ஆவணம், கப்பல் புறப்பாட்டுச் சீட்டு, செய்தித்தாள், பஞ்சாங்கம் எல்லாம் இதற்குள் அடக்கம். சீட்டுக் கட்டுக்கு ஒரு ஷில்லிங், பகடைக்கு பத்து ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு இரண்டு பவுண்டு, செய்தித்தாளில் ஒரு விளம்பரத்துக்கு இரண்டு ஷில்லிங், வழக்கறிஞராகச் சேர பத்து பவுண்டு. ஆங்கிலமல்லாத மொழியில் இருந்தால் இரட்டிப்பு. ஜெர்மானியர் நிறைந்த பென்சில்வேனியாவுக்கு அது தனி அடி. எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு 60,000 பவுண்டு அளவு, பேரரசின் கணக்கில் பொரி. ஆனால் வரி யார்மேல் விழுகிறது பாருங்கள்: வக்கீல், அச்சகக்காரர், வியாபாரி, சாராயக்கடைக்காரர். பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த நால்வரை ஒரே சட்டத்தில் சீண்டியது அரசியல் புத்தி அல்ல. அச்சகக்காரருக்கு இந்த எதிர்ப்பைப் பக்கம் பக்கமாகப் போடச் சொந்தக் காரணமே இருந்தது. நவம்பர் 1ஆம் தேதி சட்டம் நடப்புக்கு வரும்போது பதிமூன்று காலனிகளில் தாளை விற்க ஆள் இல்லை. மாசசூசெட்ஸ் விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் ஒரு எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள், அவர் பதவியை விட்டார். பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய சகலை, துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைச் சுவர் பலகை வரை பெயர்த்தெடுத்தார்கள். 1766 மார்ச்சில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அதே நாளில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது: காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் முழு அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வெடி போட்டுக் கொண்டாடியவர்கள் இந்த இரண்டாவதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். வரிப்பணம் எவ்வளவு என்பதைவிட அது யாருக்குச் சம்பளமாகப் போகிறது என்பதில்தான் உயிர் இருந்தது. மாசசூசெட்ஸை எடுத்துக்கொள்வோம். ஆளுநரை நியமிப்பவர் அரசர், ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது உள்ளூர்ச் சட்டமன்றம், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு வாக்கெடுத்து. ஆளுநர் முரண்டுபிடித்தால் சம்பளத் தீர்மானம் தாமதமாகும். 1728இல் வில்லியம் பர்னெட் என்ற ஆளுநர், ஆண்டுக்கு 1,000 பவுண்டு நிரந்தரச் சம்பளம் வேண்டும் என்ற அரச உத்தரவோடு வந்து இறங்கினார். சட்டமன்றம் ஒரே தவணையாகப் பெருந்தொகை தர முன்வந்தது, நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் ஒப்பவில்லை. அவர் சபையைப் பாஸ்டனிலிருந்து அதே காலனியின் சேலம் என்ற ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். மசியவில்லை. 1729இல் அவர் இறந்தார், சம்பளம் நிரந்தரமாகவில்லை. அடுத்து வந்த பெல்ச்சர் காலத்தில் லண்டனே ஆண்டு மானியத்தை ஏற்கச் சொல்லிவிட்டது. ராணுவம் இல்லாத, வேறு வழியில்லாத ஒரு மக்கள்சபை தன் ஆளுநரை நூல் கட்டி வைத்திருந்த முறை இது. மற்றக் காலனிகளிலும் இதே கயிறு வெவ்வேறு முடிச்சுகளோடு இருந்தது.

1767இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் போட்ட சட்டங்கள் இந்தக் கயிற்றைத்தான் அறுக்க வந்தன. கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி. அந்தப் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் லண்டனே நேராகச் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. வியாபாரிகள் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்தார்கள். 1768இல் பாஸ்டனில் பட்டாளம் இறங்கியது, 1770 மார்ச் 5 அன்று சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அதே நாளில் லண்டனில் பிரதமர் நார்த் பிரபு மற்ற வரிகளை நீக்க முன்மொழிந்து தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார். இத்தோடு ஊர் பெரும்பாலும் அடங்கிவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1771இல் தேயிலை வரியைக் கட்டி வாங்கிக் குடித்தார்கள், பாஸ்டன் உட்பட. வரி என்ற கொள்கைக்காக மட்டுமே சண்டை என்றால் அந்த அமைதியை விளக்க முடியாது. மறுபடி தீ பற்றியது 1772இல், ஆளுநராகிவிட்ட ஹட்சின்சன் இனி என் சம்பளம் அரசரிடமிருந்து வரும் என்று சபையில் அறிவித்தபோது. சில மாதத்தில் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அப்படியே என்று செய்தி வந்தது. உடனே பாஸ்டன் ஊர்க்கூட்டம் கடிதத் தொடர்புக் குழு ஒன்றை அமைத்து, மாகாணத்தின் ஒவ்வொரு ஊருக்கும் எழுதத் தொடங்கியது. நீதிபதிகள் ஐவரில் நால்வர் அரச சம்பளம் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள், தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் அதை விட மறுத்தார். உறவு முறையைச் சொல்லாமல் இது விளங்காது. பீட்டர், முன்பு முத்திரைத்தாள் விற்க வந்து இப்போது துணை ஆளுநராக இருக்கும் ஆண்ட்ரூ ஆலிவரின் தம்பி. ஆளுநர் ஹட்சின்சனுக்குச் சம்பந்தி. ஆளுநர், துணை ஆளுநர், தலைமை நீதிபதி மூவரும் ஒரே குடும்ப வட்டம். அந்த வட்டத்துக்குத் தேயிலை வரியிலிருந்து படி அளந்தால், ஊர்க்காரர் கையில் பிடிப்பதற்கு என்ன மிச்சம்?

இந்த நேரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி உள்ளே வருகிறது, அதற்கு நம் பக்கத்துக் காரணமும் உண்டு. 1769இல் ஹைதர் அலி சென்னைக் கோட்டை வாசல் வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். அவருடைய படையெடுப்புச் செய்திகள் லண்டன் சேர்ந்தபோது கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்த ஆண்டு வங்கத்தில் கொடும் பஞ்சம். 1772இல் லண்டன் கடன் சந்தையே முடங்கியது. அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு கட்ட வேண்டிய கம்பெனி கையை விரித்தது, கிடங்குகளில் 1.7 கோடி ராத்தலுக்குக் குறையாத சீனத் தேயிலை தேங்கிக் கிடந்தது. நார்த் பிரபுவின் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்ததோடு, 1773 மே மாதத் தேயிலைச் சட்டத்தால் ஒரு வடிகாலும் வெட்டிக் கொடுத்தது. பிரிட்டனில் கட்டிய வரி முழுதும் கம்பெனிக்குத் திருப்பித் தரப்படும். இடைத்தரகர் இல்லாமல் அமெரிக்காவில் தான் தேர்ந்தெடுத்த முகவர்கள் வழியாக அதுவே விற்கலாம். விலை டச்சுக் கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு இறங்கும். அமெரிக்கத் துறைமுகத்து மூன்று பென்ஸ் மட்டும் நிற்கும். அதையும் எடுத்துவிடுங்கள் என்று சிலர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். நார்த் மறுத்தார், காரணம் ஆளுநர், நீதிபதி சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது என்பது. விலை குறைந்ததே சந்தேகத்தைக் கூட்டியது: மலிவு என்று வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகும், இன்று தேயிலைக்குத் தனியுரிமை கொடுத்தவர்கள் நாளை எதற்கும் கொடுப்பார்கள். ஜான் டிக்கின்சன் எழுதியதாகக் கருதப்படும் 1773 நவம்பர்த் துண்டறிக்கை ஒன்று, வங்கத்தில் பஞ்சத்தால் லட்சக்கணக்கில் மக்களைச் சாகவிட்ட கம்பெனி இப்போது இங்கே வருகிறது என்று பென்சில்வேனியா வாசகர்களை எச்சரித்தது.

மற்றத் துறைமுகங்களில் விவகாரம் சாதுவாக முடிந்தது. நியூயார்க், பிலடெல்ஃபியா சரக்கு திரும்பிப் போனது. சார்ல்ஸ்டனில் இறக்கி நிலவறையில் பூட்டி வைத்தார்கள், பின்னால் புரட்சிக்காரர்களே அதை விற்றுச் செலவு பார்த்தார்கள். பாஸ்டனில் மட்டும் ஏன் கடலில் கொட்டினார்கள்? காரணம் ஒரு சுங்க விதி. துறைமுகத்துக்குள் வந்த கப்பல் இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சரக்கைச் சுங்கம் பறிமுதல் செய்யலாம், செய்தால் தேயிலை கரையேறிவிடும். சரக்கை இறக்காமல் வெளியேறவோ ஆளுநரின் அனுமதிச் சீட்டு வேண்டும். டார்ட்மவுத் என்ற முதல் கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது, கெடு டிசம்பர் 17. முகவர்களில் இருவர் ஹட்சின்சனின் சொந்தப் பிள்ளைகள். டிசம்பர் 16 அன்று கப்பல் முதலாளி மில்டனில் இருந்த ஆளுநர் வீட்டுக்குப் போய்ச் சீட்டு கேட்டார், கிடைக்கவில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பிய இரவில்தான் மொஹாக் பூர்வகுடி வேடம் போட்டவர்கள் கிரிஃபின் துறையில் மூன்று கப்பல்களிலும் ஏறி, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 340க்கு மேற்பட்ட பெட்டிகளை உடைத்துக் கவிழ்த்தார்கள். நீர் வற்றியிருந்த நேரம், தேயிலை மிதந்து போகாமல் கப்பல் ஓரத்தில் வைக்கோற்போர் மாதிரி குவிந்ததால் இறங்கித் தள்ளிவிட வேண்டியிருந்தது. கம்பெனி சொன்ன நட்டம் 9,659 பவுண்டு.

அதற்கு லண்டன் கொடுத்த பதிலில்தான் பாஸ்டன் தகராறு பதிமூன்று காலனிகளின் தகராறாக மாறியது. 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய தவறு மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். 1691 சாசனப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த மேல்சபை இனி அரசர் நியமனம். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒரு தடவைதான், அதற்கு மேல் கூட்ட ஆளுநர் அனுமதி. ஜூரிகளை ஊர் தேர்ந்தெடுப்பது போய், ஆளுநர் நியமிக்கும் ஷெரிப் பொறுக்கி எடுப்பார். தேயிலையே இறக்குமதி செய்யாத உள்நாட்டு விவசாயிக்கு, துறைமுகம் மூடினால் தூரத்து வருத்தம். அவன் வேலி தகராறும் கடன் வழக்கும் போய் நிற்கும் மன்றத்தில் ஜூரி இனி ஆளுநர் ஆள் என்றால் வீட்டுக்குள் வந்த வருத்தம். செப்டம்பர் 6 அன்று, பாஸ்டனுக்கு மேற்கே நாற்பது மைல் தள்ளியிருந்த வொஸ்டரில் நீதிமன்றம் கூட வேண்டிய காலையில் 37 ஊர்களின் குடிப்படைக்காரர் வந்து நின்றார்கள். தலை எண்ணிய கணக்கு 4,622. மன்றத்திலிருந்து மதுக்கடை வரை சாலையின் இருபுறமும் வரிசை கட்டி நின்று, இரண்டு டஜன் அளவிலான நீதிமன்ற அதிகாரிகளைத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவே நடக்க வைத்தார்கள். வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படி அவர்கள் தங்கள் ராஜினாமாவைத் திரும்பத் திரும்ப, முப்பது தடவைபோல வாசித்துக்கொண்டு போனார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. லெக்ஸிங்டனில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்த 1775 ஏப்ரல் 19க்கு ஏழு மாதம் முன்பே பாஸ்டனுக்கு வெளியே அரசரின் ஆட்சி அந்த மாகாணத்தில் நின்றுபோயிருந்தது. வர்ஜீனியா, கரோலினாக்காரர்களுக்குப் புரிந்ததும் இதுதான்: ஒரு சாசனத்தை ஒரு கூட்டத்தொடரில் அழிக்க முடியும் என்றால் எங்களுடையதற்கு என்ன உத்தரவாதம்?

இவ்வளவுக்குப் பிறகும் பிரிவதை விரும்பியவர் சிறுபான்மை. 1774 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் கூடிய முதல் காங்கிரஸில் (காலனிகளின் பிரதிநிதிகள் பேரவை), பிரிட்டனோடு இணைந்த ஒரு அமெரிக்கப் பேரவை அமைக்கலாம் என்ற ஜோசப் கேலோவேயின் திட்டம் ஆறுக்கு ஐந்து என்ற காலனி வாக்கில்தான் ஒத்திவைக்கப்பட்டது. அவர்கள் அப்போது வந்து சேர்ந்திருந்த வாதம் நுட்பமானது: நாடாளுமன்றம் பிரிட்டனின் சட்டமன்றம், எங்களுக்கு எங்கள் சட்டமன்றங்கள், எல்லாருக்கும் பொதுவானவர் அரசர் ஒருவரே. அதனால்தான் பாஸ்டனை ஒட்டிய பங்கர் மேட்டுச் சண்டையில் ரத்தம் சிந்திய பிறகும் 1775 ஜூலையில் அரசருக்கு மன்றாடி மனு போட்டார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். அக்டோபரில் ஃபால்மவுத் ஊரைக் கடற்படை எரித்தது. டிசம்பர் 22 சட்டம் காலனிகளின் வணிகம் முழுவதையும் தடைசெய்து, அவர்கள் கப்பல்களை எதிரி நாட்டுக் கப்பல்களாகப் பறிமுதல் செய்யலாம் என்றது. ஜெர்மன் இளவரசர்களிடம் கூலிப்படை வாடகைக்கு எடுக்கும் செய்தியும் வந்தது. ஒரே பிணைப்பு அரசர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த அரசரே பாதுகாப்பை விலக்கிவிட்டால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 1776 ஜனவரியில் தாமஸ் பெய்னின் ‘காமன் சென்ஸ்’ துண்டுநூல் வெளிவந்து, அரசாட்சி என்பதே அபத்தம் என்று பட்டவர்த்தனமாகப் போட்டுடைத்தது. அது சில மாதத்தில் லட்சத்துக்கு மேல் விற்றது என்ற கணக்கை நம்ப வேண்டாம், அன்றைய அச்சுக் கூடங்களின் கொள்ளளவுக்கு அது பொருந்தவில்லை. அதன் தாக்கம் பெரிது என்பதில் ஐயமில்லை. இதோடு ஒரு நடைமுறைத் தேவையும் இருந்தது. வெடிமருந்தும் கடனும் பிரான்ஸிடமிருந்து வர வேண்டும், வீட்டுச் சண்டை போடும் குடிகளோடு எந்த அரசரும் உடன்படிக்கை செய்யமாட்டார். ஜூலை 2 அன்று பன்னிரண்டு காலனிகள் பிரிவுக்கு வாக்களித்தன, நியூயார்க் நடுநிலை. இரண்டு நாள் கழித்து ஏற்ற சுதந்திரப் பிரகடனத்தை ஒரு தடவை எண்ணிப் படித்துப் பாருங்கள். 27 குற்றச்சாட்டுகள் உண்டு, எல்லாம் அரசர்மேல். நாடாளுமன்றம் என்ற சொல்லே கிடையாது. நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் அரசர் தயவில் இருப்பது ஒன்பதாவது, சம்மதமில்லா வரி பதினேழாவது.

உறுதியாகச் சொல்லக்கூடியது இந்த வரிசையும் இந்த வாதங்களும். உள்நோக்கம் பற்றிப் பேசத் தொடங்கினால் தரை வழுக்குகிறது. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வக்கீல், வியாபாரி, பாதிரியார் எழுதியவை. வொஸ்டர் சாலையில் நின்ற விவசாயி என்ன நினைத்தான் என்பதை அவன் செய்ததிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். கடத்தல் வியாபாரிகளின் சுயநலம்தான் காரணம் என்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு: கூட்டத்தை யார் திரட்டினார் என்பதை அது விளக்கும், உள்நாட்டார் ஏன் வந்தார் என்பதை விளக்காது. அடிமைமுறையைக் காப்பாற்றத்தான் பிரிந்தார்கள் என்ற வாதம் இப்போது சூடாக நடக்கிறது. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து அரசர் பக்கம் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தது, தயங்கிக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகளைக் காங்கிரஸ் பக்கம் தள்ளியது என்பதற்குச் சான்று பலமாகவே உண்டு. ஆனால் பத்தாண்டாகப் பாஸ்டன் பிடித்த பிடிக்கு அதைக் காரணமாக்க இயலாது. பிரகடனத்தின் கடைசிக் குற்றச்சாட்டு டன்மோரையும் பூர்வகுடிகளையும் சேர்த்தே சுட்டுகிறது, எனவே தெற்குக்கு அது சில்லறைக் காரணமும் அல்ல. மூன்றில் ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை என்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் சொன்னதாக உலவும் கணக்கு, அவர் 1815இல் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய அமெரிக்கர் மனநிலையைச் சொன்னது. அரசர் பக்கம் நின்றவர் வெள்ளையரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு என்பது இன்றைய மதிப்பீடு. போர் முடிவில் 60,000 பேர் நாட்டைவிட்டே போனார்கள்.

காரணத்தைச் சோதிக்க நல்ல வழி, அதே வரி விழுந்தும் பிரியாதவர்களைப் பார்ப்பது. அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியனிலும் சேர்த்து பிரிட்டனுக்கு 26 காலனிகள் அளவில் இருந்தன, பாதிதான் போயின. ஜமைக்காவும் பார்படோஸும் முத்திரைத்தாளை முணுமுணுத்துக்கொண்டே வாங்கின. ஜமைக்கா சட்டமன்றம் 1774 டிசம்பரில் அரசருக்கு அனுப்பிய மனுவில் அமெரிக்கர்களின் வாதத்தை அப்படியே ஒப்பிக்கிறது, கூடவே எங்களுக்கு எதிர்க்கும் வலு இல்லை என்றும் சொல்கிறது. ஒரு வெள்ளையருக்குப் பத்துக்கு மேல் அடிமைகள் இருந்த தீவு, பட்டாளத்தைப் போகாதே என்று கெஞ்சும் நிலை, சர்க்கரைக்கோ லண்டன் சந்தையே கதி. கொள்கை ஒன்றாக இருந்தும் பேரரசு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1763க்குப் பின் பதிமூன்று காலனிகளுக்கு அந்தத் தேவை குறைந்திருந்தது.

சீட்டு விஷயம். பிரதிநிதி இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கத்தைக் கேட்டு அவர்கள் பிரதிநிதித்துவம் கேட்டார்கள் என்று நினைப்பது இயல்பு. கேட்கவில்லை. 1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒன்பது காலனிகளின் பேரவை, எங்கள் இருப்பிட நிலையைப் பொறுத்து நாங்கள் லண்டன் கீழவையில் பிரதிநிதித்துவம் பெறவில்லை, பெறவும் இயலாது என்றே தீர்மானம் போட்டது. மான்செஸ்டருக்கும் உறுப்பினர் இல்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாடாளுமன்றம் சிந்திக்கிறது என்ற பிரிட்டிஷ் பதில் இவர்களிடம் எடுபடவில்லை. வெள்ளை ஆண்களில் பாதிக்கு மேல் வாக்கு பெற்று, இப்படி வாக்களி என்று உறுப்பினருக்கு ஊர்க்கூட்டத்தில் எழுதியே கொடுத்துப் பழகியவர்கள். ஐந்தாறு வாரக் கடல்வழிக்கு அப்பால் நாலு சீட்டு என்றால், ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொண்ட பழியோடு ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தோற்பதுதான் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விட்டுக்கொடுப்பதில் லண்டன் கடைசியில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. 1777 அக்டோபரில் சாரடோகாவில் ஒரு முழுப் படையே சரணடைந்த பிறகு, 1778 தொடக்கத்தில் நாடாளுமன்றம் காலனிகளுக்கு வருமானத்துக்காக வரி போடும் உரிமையைத் தானே கைவிட்டது, தேயிலை வரியை எடுத்தது, மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. சுதந்திரம் தவிர மற்றெதையும் பேசலாம் என்ற அதிகாரத்தோடு கார்லைல் பிரபுவின் தலைமையில் தூதுக்குழு புறப்பட்டது. 1774இல் வந்திருந்தால் காங்கிரஸ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கும். 1778 பிப்ரவரி 6 அன்றே பிரான்ஸோடு உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளுங்கள் அல்லது படையை விலக்குங்கள், பிறகு பேசலாம் என்று காங்கிரஸ் பதில் எழுதியது. தூதுக்குழுவுக்கு லண்டன் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று உண்டு: ஜூன் மாதம் அவர்கள் பிலடெல்ஃபியாவில் வந்து இறங்கியபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் படை ஊரைக் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.